எதற்கெடுத்தாலும் அழுகிறவள் கொடுப்பதில்லை, சிடுமூஞ்சி கொடுக்கிறார்: எந்தக் குணம் கையைத் திறக்க வைக்கிறது?

#1 நிழல்மரம்

நாலு நாளாக மண்டையைக் குடையும் விஷயம். விவரம் தெரிந்தவர்கள் வாருங்கள். திட்டத் தோன்றுகிறவர்களும் வரலாம்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர். ஒருத்தி என் தங்கை. செய்தியில் ஒரு குழந்தை அழுதால் இவள் கண்ணும் கலங்கிவிடும். தெருநாய் நொண்டிப் போனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. ஆனால் அவள் யாருக்கும் காசு கொடுத்து நான் பார்த்ததே இல்லை. சிகிச்சைக்கு உதவி கேட்டு வரும் காணொளிகளை அனுப்பினால் பாதியில் மூடிவிட்டு, "என்னால பாக்க முடியலண்ணா" என்பாள். முடிந்தது.

இன்னொருவர் என் மாமனார். வாயைத் திறந்தால் வசவு. யாராவது கஷ்டம் என்று வந்து நின்றால் முதலில் குறுக்கு விசாரணை, பிறகு உபதேசம், அதன் பிறகுதான் மற்றதெல்லாம். வீட்டில் பேரப்பிள்ளைகள்கூட அவர் பக்கம் போக யோசிப்பார்கள். போன வாரம் அவருக்குப் புதுக் கைபேசியில் வங்கிச் செயலியைப் போட்டுக் கொடுக்க உட்கார்ந்தேன். மாதாமாதம் 3-ஆம் தேதி ஒரு ஆட்டோ டெபிட் போகிறது. டயாலிசிஸ் செய்துகொள்ள வசதி இல்லாதவர்களுக்கான அறக்கட்டளை ஒன்றுக்கு. பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். பதினோரு வருஷம், ஒரு மாதம்கூட விடவில்லை. "என்ன மாமா இது?" என்றேன். "அதத் தொடாத. மத்தத மாத்து" என்றார்.

மாமியாருக்கே தெரியாது.

என் கேள்வி இதுதான்: கொடுப்பதற்கு என்று தனியாக ஒரு குணம் இருக்கிறதா? இருந்தால் அது இளகிய மனசு இல்லையா?

#2 கணக்குப்பிள்ளை

தங்கை விஷயத்தில் முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று தெரிகிறது. (உளவியல் முதுகலை படித்துவிட்டு இப்போது சம்பந்தமே இல்லாத வேலையில் இருப்பவன் நான். படித்ததைச் சொல்ல இப்படி ஒரு இழை கிடைத்தால் விடமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அடுத்தவர் வலியைப் பார்த்து மனம் அசைவதை எல்லாம் "இரக்கம்" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். மார்க் டேவிஸ் என்பவர் 1980-களின் தொடக்கத்தில் அந்த மூட்டையை அவிழ்த்து நாலாகப் பிரித்து அளந்தார். அதில் நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று கரிசனம்: "ஐயோ, அவருக்கு என்ன ஆகுமோ." இன்னொன்று சுயதவிப்பு: "ஐயோ, என்னால் தாங்க முடியவில்லையே." வெளியே பார்க்க இரண்டும் ஒரே கண்ணீர்தான். போகும் திசைதான் வேறு. கரிசனம் அந்த ஆளை நோக்கிப் போகும். தவிப்பு வாசலை நோக்கிப் போகும்.

டேனியல் பேட்சன் குழு 1981-இல் செய்த சோதனை ஒன்று இதற்காகவே செய்ததுபோல இருக்கும். எலேன் என்ற பெண் வேலை செய்துகொண்டே மின் அதிர்ச்சி வாங்குவதை நீங்கள் திரையில் பார்க்கிறீர்கள். (நிஜ அதிர்ச்சி இல்லை, நடிப்பு. பார்ப்பவருக்கு அது தெரியாது.) மொத்தம் 10 சுற்று. நடுவில் அவள் சொல்கிறாள்: சின்ன வயதில் குதிரையிலிருந்து மின்வேலி மேல் விழுந்தேன், அதனால் லேசான அதிர்ச்சியே எனக்கு ரொம்ப வலிக்கிறது. இப்போது உங்களிடம் ஒரு கேள்வி: அவளுக்குப் பதில் நீங்கள் உட்காருகிறீர்களா? சிலருக்கு, இரண்டு சுற்று பார்த்ததும் எழுந்து போய்விடலாம் என்று சொல்லியிருந்தார்கள். மற்றவர்களுக்கு, பத்தையும் பார்த்தே தீரவேண்டும்.

கரிசனம் மேலோங்கியவர்கள் கதவு திறந்திருந்தாலும் இடம் மாற முன்வந்தார்கள். தவிப்பு மேலோங்கியவர்களில் நிறையப் பேர், போகலாம் என்றதும் போய்விட்டார்கள். பத்தையும் பார்த்தாக வேண்டும் என்றபோதுதான் உதவினார்கள்.

உங்கள் தங்கை காணொளியை மூடும்போது அவருக்குக் கதவு திறந்திருக்கிறது. கல்நெஞ்சு என்று நினைக்காதீர்கள். வலி அவருக்கு அளவுக்கு மேல் ஏறுகிறது.

#3 எதிர்வாதி

மாமனார் வருமான வரியில் கழித்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். மர்மம் தீர்ந்துவிடும்.

#4 நிழல்மரம்

@எதிர்வாதி, பார்த்தேன். ரசீதே வாங்கியதில்லை.

#5 ஓரமாய்_ஒருவன்

குணம் குணம் என்று தேடுவதே வீண் வேலை என்று சொல்ல வந்தேன்.

1973-இல் டார்லியும் மேலே சொன்ன அதே பேட்சனும் பிரின்ஸ்டனில் ஒரு சோதனை வைத்தார்கள். இறையியல் மாணவர்கள் 40 பேர். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சின்ன உரை ஆற்றவேண்டும். சிலருக்குத் தலைப்பே வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை! போகிற வழியில் ஒருவர் குறுகிக் கிடந்து இருமிக்கொண்டு முனகுகிறார். அவசரமில்லை என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விதத்தில் உதவினார்கள். ஓரளவு அவசரத்தில் போனவர்களில் 45. "ஐயோ, ஏற்கெனவே நேரமாகிவிட்டது, ஓடு" என்று விரட்டப்பட்டவர்களில் 10.

முன்கூட்டியே குண வினாத்தாள் எல்லாம் நிரப்பி வாங்கியிருந்தார்கள். யார் நிற்பார், யார் தாண்டிப் போவார் என்பதை அது சொல்லவில்லை. கடிகாரம்தான் சொன்னது.

இன்னொன்று 1968, டார்லியும் லட்டானேயும். இன்டர்காமில் பேசிக்கொண்டிருக்கும் சக மாணவனுக்கு வலிப்பு வருகிறது. கேட்பது தான் ஒருவன்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அவன் குரல் அடங்குவதற்குள் எழுந்து ஓடினார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31. உட்கார்ந்தே இருந்தவர்கள் அலட்சியமாக இல்லை, கை நடுங்கிக்கொண்டிருந்தது, வியர்த்துக்கொண்டிருந்தது. அங்கேயும் ஆளுமை அளவுகோல்கள் கைகொடுக்கவில்லை.

நாலு பேர் கூடியிருந்தால் நல்லவனும் வேடிக்கை பார்ப்பான். இதில் உங்கள் மாமனார் குணவான், தங்கை குணமில்லாதவள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

#6 கணக்குப்பிள்ளை

@ஓரமாய்_ஒருவன், எண்களில் தப்பில்லை. முடிவில்தான் வழுக்குகிறீர்கள்.

ஒரே ஒரு பந்தைப் பார்த்துவிட்டு மட்டையாளரை எடைபோடுவீர்களா? அந்தப் பந்து எகிறியதா, வெளிச்சம் மங்கலா என்பதே அதில் பாதி. ஒரு பருவம் முழுக்க ஆடவிட்டுப் பாருங்கள், யார் யார் என்று தெரிந்துவிடும்.

இதே சண்டை 1920-களிலேயே நடந்திருக்கிறது. ஹார்ட்ஷார்ன், மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்கு நேர்மை, உதவி, தன்னடக்கம் என்று விதவிதமாகச் சோதனை வைத்தார்கள். ஒரு சோதனையில் தாராளமாக இருந்த பிள்ளை இன்னொன்றில் அப்படி இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, தொடர்பு சொற்பம். "நல்ல குணம் என்று ஒன்று கிடையாது" என்று பல காலம் பாடப்புத்தகங்களில் இதைத்தான் காட்டினார்கள். பிற்பாடு ஃபிலிப் ரஷ்டன் அதே தரவை எடுத்து, தனித்தனிச் செயல்களைக் கூட்டிப் பார்த்தபோது படம் மாறியது. பல செயல்களின் கூட்டுத்தொகை, ஆசிரியர்களும் சக பிள்ளைகளும் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னதோடு நன்றாகவே பொருந்தியது. (அந்த ரஷ்டன் வேறு விஷயங்களில் எழுதியது எல்லாம் குப்பை, அது தனிக் கதை. இந்தக் கணக்கு மட்டும் நிற்கிறது.)

வழியில் கிடந்தவரைப் பார்த்து நிற்பது ஒரு பந்து. பதினோரு வருஷ ஆட்டோ டெபிட் 130-க்கு மேற்பட்ட பந்துகள்.

#7 ஓரமாய்_ஒருவன்

ஆட்டோ டெபிட் ஒரே ஒரு பந்துதான் நண்பரே. முதல் நாள் போட்டது. மீதியெல்லாம் வங்கி போட்டது.

#8 கணக்குப்பிள்ளை

:) சரி. அந்தப் புள்ளி உங்களுக்கு.

#9 ரசீதுப்புத்தகம்

இல்லை, அந்தப் புள்ளி அவருக்குப் போகக்கூடாது. நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள். ஒரு தொண்டு நிறுவனத்தில் நன்கொடையாளர்களோடு பேசுவது என் வேலை, ஒன்பது வருஷமாக.

ஆட்டோ டெபிட் தானாக ஓடாது. அட்டை காலாவதியாகும். வங்கிக் கணக்கு மாறும். கைபேசி எண் மாறும், ஓடிபி பழைய எண்ணுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் ஒரு ஆள் உட்கார்ந்து திரும்பப் பதிவு செய்யவேண்டும். நிறுத்திவிட நினைப்பவருக்கு அதுதான் வசதியான இடம். அவர் எதுவுமே செய்யவேண்டாம், தானாக நின்றுவிடும். பலருடையது நிற்பதே அப்படித்தான். நாங்கள் கூப்பிட்டு ஞாபகப்படுத்தினால் "அப்படியா மேடம், இன்னிக்கே பண்ணிடறேன்" என்பார்கள். அவ்வளவு இனிமையாகச் சொல்வார்கள். அடுத்த தடவை எடுக்கமாட்டார்கள்.

இன்னொரு வகை இருக்கிறது. அவர்களே கூப்பிடுவார்கள். "மூணாம் தேதி ஆச்சு, ஏன் இன்னும் பணம் எடுக்கல? தூங்கறீங்களா?" என்று எரிந்து விழுவார்கள். எங்கள் அலுவலகத்தில் இந்த அழைப்புகளை எடுக்கப் புதுப் பிள்ளைகள் பயப்படுவார்கள். நான் ஆசையாக எடுப்பேன். நிழல்மரம், உங்கள் மாமனாரை எனக்குத் தெரியாது, ஆனால் அந்தக் குரலை நன்றாகத் தெரியும். அது பொறுப்புணர்வு. ஏற்றுக்கொண்டதை முடிப்பது. மின்கட்டணம் கட்டுகிற அதே மூளைதான் இதையும் கட்டுகிறது.

இனிமையானவர்களைக் குறை சொல்லவில்லை. நேரில் போய் நின்றால் அவர்கள்தான் கொடுப்பார்கள். முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வராது அவர்களுக்கு. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டெல்லாவிக்னா, லிஸ்ட், மால்மெண்டியர் என்ற மூவர் சிகாகோ பக்கம் வீடு வீடாக நன்கொடை கேட்டுப் பார்த்து 2012-இல் வெளியிட்டார்கள். சில வீடுகளில் முன்தினமே கதவில் ஒரு சீட்டு: நாளை இத்தனை மணிக்கு வருகிறோம். அந்த வீடுகளில் கதவு திறந்தவர்கள் 9 முதல் 25 சதவீதம் வரை குறைந்தார்கள். "தொந்தரவு செய்யவேண்டாம்" என்று குறியிட ஒரு கட்டமும் வைத்தால், கிடைத்த நன்கொடை 28 முதல் 42 சதவீதம் வரை குறைந்தது. அதாவது, சாதாரணமாகக் கிடைக்கும் காசில் கணிசமான பங்கு மனமுவந்து வருவதில்லை. முகத்தாட்சண்யத்தில் வருவது.

#10 எதிர்வாதி

முதலில் கிண்டலடித்தேன், இப்போது நிஜமாகப் பேசுகிறேன். முகத்தாட்சண்யம் என்ற சொல்லைப் பார்த்ததும் வயிறு எரிகிறது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் வெள்ள நிவாரணத்துக்கு ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. பெயர், தொகை, கையெழுத்து. மேலே மேலாளர் பெயர், அவர் போட்ட தொகை. அதற்குக் கீழே எல்லாரும் அதில் பாதி. எனக்கு அடுத்த மேசையில் ஒரு பையன், அந்த மாதம்தான் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. பேனாவை எடுத்தான், வைத்தான், எடுத்தான். கடைசியில் எல்லாரும் போட்டதையே போட்டான். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத நல்ல பிள்ளை. நான் வெறும் கோடு போட்டுவிட்டுத் தாளை நகர்த்தினேன். ஆறு மாதம் எனக்குக் கஞ்சன் பட்டம். நான் தனியாக அனுப்பியது யாருக்கும் தெரியாது, சொல்லவும் இல்லை.

ஆளுமையை ஐந்து பண்புகளாகப் பிரித்து அளக்கும் உளவியல்காரர்களின் பிக் ஃபைவ் அளவுகோலில் அந்தப் பையனுக்கு "இணக்கம்" உச்சத்தில் இருக்கும், எனக்குப் பாதாளத்தில். அது கொடையா, தண்டமா?

#11 மழைக்காகம்

இந்த இழையில் முக்கியமான கேள்வி இதுதான், எதிர்வாதி அண்ணா. பிக் ஃபைவ் மட்டும் வைத்துக்கொண்டால் இதில் மாட்டிக்கொள்வோம்.

ஐந்து பண்புப் பட்டியலில் இணக்கம் என்ற ஒரே பெட்டிக்குள் பொறுமை, சாந்தம், நம்பிக்கை, தற்பெருமையின்மை எல்லாம் அடைந்து கிடக்கும். ஆஷ்டன், லீ என்ற இருவர் இதைப் பிரித்து ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். அந்த ஆறு பண்பு மாதிரிக்கு ஹெக்ஸகோ என்று பெயர். ஆறாவது, நேர்மை-பணிவு. அதாவது ஏமாற்ற வாய்ப்பு கிடைத்தாலும் எடுக்காதது, தனக்கு அதிகம் வரவேண்டும் என்று நினைக்காதது. இப்படிப் பிரித்த பிறகு மீதி இணக்கத்துக்கு அர்த்தம் மாறுகிறது: கோபப்படாமல் இருப்பது, அடித்தவனைத் திருப்பி அடிக்காமல் இருப்பது.

இரண்டும் வேறு வேறு மனிதர்களிடம் இருக்கலாம். சிரித்த முகம், ஆனால் பங்கு பிரிக்கும்போது பெரிய துண்டு தன் பக்கம். இப்படி ஒருவரை எல்லாருக்கும் தெரியும். எரிந்து விழுவார், ஆனால் அடுத்தவன் காசு ஒன்றைத் தொடமாட்டார். இவரையும் தெரியும்.

சோதனைக்கூடத்தில் இதற்கு ஒரு விளையாட்டு உண்டு, டிக்டேட்டர் கேம். கையில் ஒரு தொகை. முகம் தெரியாத ஒருவருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஒன்றும் கொடுக்காமலும் இருக்கலாம், அவரால் உங்களை எதுவும் செய்ய முடியாது. கிறிஸ்டோஃப் எங்கல் 2011-இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தபோது சராசரி 28 சதவீதம், மூன்றில் ஒருவருக்கும் மேல் ஒன்றுமே கொடுக்கவில்லை. இந்த மாதிரி விளையாட்டுகளையும் ஆளுமையையும் சேர்த்து 770 ஆய்வுகளை அலசிய ஒரு பெரிய தொகுப்பு 2020-இல் வந்தது. அகலமான பண்புகளில் முன்னணியில் நின்றது நேர்மை-பணிவுதான். இணக்கம் கைகொடுப்பது வேறு இடத்தில்: எதிராளி அநியாயமாகப் பிரித்தாலும் பொறுத்துப் போவதில்.

ஆகவே மாமனார் "கெட்ட குணம் உள்ள நல்லவர்" என்ற புதிர் இல்லை. ஒரு பண்பு குறைவு, இன்னொரு பண்பு அதிகம். நம் கண்ணுக்கு முதல் பண்புதான் தெரிகிறது, ஏனென்றால் அதற்குச் சத்தம் உண்டு.

#12 ஓரமாய்_ஒருவன்

அந்த விளையாட்டை ரொம்ப நம்பவேண்டாம். ஜான் லிஸ்ட் 2007-இல் அதில் ஒரே ஒரு விதியைச் சேர்த்தார்: கொடுக்கலாம், அல்லது எதிராளியிடமிருந்து கொஞ்சம் எடுத்தும் கொள்ளலாம். உடனே கொடுப்பவர்கள் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. "எவ்வளவு கொடுக்கிறாய்" என்று மட்டும் கேட்டால் கொடுக்கிறவன், "எடுக்கவும் செய்யலாம்" என்றால் ஒன்றும் எடுக்காமல் இருப்பதையே தர்மமாக நினைத்துக்கொள்கிறான். கேள்வி மாறினால் குணமும் மாறுகிறதே?

#13 மழைக்காகம்

குணம் மாறவில்லை. நல்லவன் என்று காட்டிக்கொள்ள ஆகும் செலவு குறைந்துவிட்டது. பேட்சனே 1997-இல் இதைப் பிடித்துக் காட்டினார். இரண்டு வேலை: ஒன்று சுவாரஸ்யம், பரிசுச் சீட்டும் உண்டு. இன்னொன்று அறுவை. உங்களுக்கு எது, சோதனையில் இருக்கும் இன்னொருவருக்கு எது என்று நீங்களே முடிவு செய்யலாம், அந்த இன்னொருவருக்கு இது தெரியாது. வேண்டுமானால் நாணயத்தைச் சுண்டிக்கொள்ளலாம். 20 பேரில் 10 பேர் சுண்டினார்கள். அந்தப் 10 பேரில் 9 பேருக்கு நல்ல வேலை "விழுந்தது". நாணயம் அவ்வளவு விசுவாசமாக விழுமா?

நேர்மை-பணிவு என்று நான் சொல்வது, அறையில் யாரும் இல்லாதபோதும் நாணயம் சொன்னதைக் கேட்கும் அந்தப் பத்தாவது ஆளை.

#14 எதிர்வாதி

அந்தப் பத்தாவது ஆளுக்கும் வெறும் அதிர்ஷ்டம் இல்லாமல் போயிருக்கலாம். அவரும் சுண்டி, சாதகமாக விழுந்திருந்தால் எடுத்திருப்பார்தானே. ஒரு ஆளை வைத்துக் கோயில் கட்டாதீர்கள்.

#15 மழைக்காகம்

நான் கோயில் கட்டவில்லை. எல்லாவற்றிலும் ஓட்டை தேடுவதையே ஒரு குணமாக வைத்திருக்கிறீர்கள் நீங்கள்.

#16 மட்டுறுத்துநர்

இருவரும் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

#17 மூலைமேசை

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை, வாசிப்பதோடு சரி. கூச்ச சுபாவம்.

கலகலப்பானவர்கள்தான் தொண்டுக்கு வருவார்கள் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். ஆய்வுகளிலும் புறமுகப் பண்புக்கும் தன்னார்வத் தொண்டுக்கும் தொடர்பு காட்டியிருக்கிறார்கள். தப்பில்லை, முகாம் நடத்துவதும் ஊர்வலம் போவதும் அவர்களால்தான் முடியும். எனக்கு அங்கே போனால் மூச்சு முட்டும்.

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஒரு அறை, ஒரு மாணவர், நான். அவர் சொல்வார், நான் எழுதுவேன். என் கருத்துக்கு வேலையே இல்லை. அவர் தப்பாகச் சொன்னால் தப்பாகத்தான் எழுதவேண்டும், திருத்தக்கூடாது, அதுதான் விதி. முதல் தடவை ஒரு வரலாற்றுத் தேர்வில் ஆண்டை மாற்றிச் சொல்லிவிட்டார். என் கை நின்றுவிட்டது. "எழுதுங்க, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார். என் மூச்சை வைத்தே ஏதோ தப்பு என்று கண்டுபிடித்துவிட்டு, "இல்ல, சொல்லாதீங்க. சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்" என்றார். எழுதினேன்.

பேசாமல் இருக்கத் தெரிவதும் ஒரு தகுதியாக இருக்கிற தொண்டு இருக்கிறது என்று சொல்லத்தான் வந்தேன். எந்தக் குணம் உதவும் என்று கேட்பதைவிட, எந்தக் குணத்துக்கு எந்த உதவி என்று கேட்கலாமோ?

#18 ரசீதுப்புத்தகம்

@மூலைமேசை, இன்னும் அடிக்கடி எழுதுங்கள்.

#19 இரவுப்பணி

மருத்துவமனைக்காரன். முகம் தெரியாத ஒருவருக்கு உயிரோடு இருக்கும்போதே ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்கிறவர்கள் சில நாடுகளில் இருக்கிறார்கள். கொடைக் குணத்தின் எல்லை என்றால் அதுதான். அபிகேல் மார்ஷ் என்ற ஆய்வாளர் அப்படிப்பட்ட 19 பேரின் மூளையை ஸ்கேன் செய்து 2014-இல் எழுதினார். பயந்த முகங்களைப் பார்க்கும்போது அவர்களின் வலது அமிக்டலா (பயம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் மூளைப் பகுதி) மற்றவர்களைவிடக் கூடுதலாக இயங்கியது, அளவிலும் சற்றுப் பெரிது. பிறர் பயத்தைக் கண்டுகொள்வதில் இவர்கள் கெட்டி, அதாவது சைக்கோபதிக்கு (பிறர் வலி மனதில் உறைக்காத ஆளுமைக் கோளாறு) நேர் எதிர்முனை.

எண்களைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் பேச்சு. "நீங்கள் விசேஷமானவர்" என்று சொன்னால் குழம்பிப்போகிறார்கள். யாராக இருந்தாலும் செய்திருப்பார்களே என்கிறார்கள். நடிப்பில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறார்கள்.

நாஜிகள் காலத்தில் யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்களைச் சாமுவேல், பேர்ல் ஒலினர் தம்பதி நூற்றுக்கணக்கில் பேட்டி கண்டு 1988-இல் வெளியிட்டார்கள். அங்கேயும் இதே தொனி. அதில் இன்னொரு விஷயம்: அவர்களில் பெரும்பாலோர் தாங்களாகத் தேடிப் போய்த் தொடங்கவில்லை. யாரோ வந்து கேட்டிருக்கிறார்கள். கேட்டதும் கதவைத் திறந்தார்கள். குணம் உள்ளே இருந்தது உண்மை. கேட்க ஒருவர் வந்ததும் உண்மை.

#20 கணக்குப்பிள்ளை

இது இரண்டு கட்சியையும் சேர்க்கிறது. பெக்கர்ஸ், வீப்கிங் இருவரும் 2011-இல் 500-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் படித்து, கொடையைத் தூண்டுபவை எட்டு என்று பிரித்தார்கள். முதல் இரண்டு எவை தெரியுமா? தேவை இருக்கிறது என்று தெரியவருவது, கேட்கப்படுவது. குணமெல்லாம் அதற்குப் பிறகுதான் வரிசையில்.

நிழல்மரம், ஒரு கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தங்கையிடம் நீங்கள் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? காணொளி அனுப்பியதைக் கேட்கவில்லை. "இதற்கு இவ்வளவு கொடு" என்று.

#21 நிழல்மரம்

இல்லை.

இப்போதுதான் யோசிக்கிறேன். ஒரு தடவைகூட இல்லை.

#22 ரசீதுப்புத்தகம்

காணொளி பற்றி ஒரு வார்த்தை, இதனால் எங்கள் அலுவலகத்தில் சண்டையே நடக்கும். ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் 2007-இல் வெளியிட்ட சோதனையில் பங்கேற்றவர்கள் கையில் 5 டாலர். ரோகியா என்ற ஒரு சிறுமியைப் பற்றி மட்டும் சொன்னபோது சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். பட்டினியில் இருக்கும் லட்சக்கணக்கானவர்களின் புள்ளிவிவரம் மட்டும் சொன்னபோது 1.14. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கூடும் என்றுதானே நினைப்போம்? 1.43-தான்.

அதனால் எல்லாரும் ஒற்றை முகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். முகம், அழுகை, பின்னணி இசை. சராசரி மனிதனுக்கு அது வேலை செய்கிறது. தவிப்பு சுபாவம் உள்ளவர்களுக்கு அதுவே சுவர். இந்த இரண்டாவது வகையினர் சராசரிக்குள் ஒளிந்துகொள்வதால் எங்கள் கணக்கில் தெரிவதே இல்லை. "கொடுக்காதவர்" என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம். நானும் எடுத்திருக்கிறேன்.

#23 நிழல்மரம்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். இரண்டு செய்தி.

முதலில் மாமனார். மாமியாரிடம் சுற்றிவளைத்து விசாரித்தேன். ஆட்டோ டெபிட் பற்றி மூச்சு விடவில்லை. "மாமாவுக்குத் தெரிஞ்சவங்க யாருக்காவது கிட்னி பிரச்சினை இருந்துச்சா அத்தை?" என்று மட்டும் கேட்டேன். கூட வேலை பார்த்த ஒருவர் இருந்தாராம். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு வண்டியில் இவர்தான் கூட்டிப்போவார், போகிற வழியெல்லாம் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே போவாராம், "மாத்திரைய ஒழுங்கா போட்டிருந்தா இந்தக் கதி வருமா" என்று. ஒன்றரை வருஷம். பிறகு அவர் போய்விட்டார்.

ஆக, இது குணம் இல்லையோ? கதையோ?

#24 ஓரமாய்_ஒருவன்

கதைதான். நான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

#25 மழைக்காகம்

அந்த ஆளுக்கு மாமா ஒருவர் மட்டும்தான் கூட வேலை பார்த்தாரா? அதே கதை அந்த அலுவலகத்தில் இருபது பேருக்கு நடந்திருக்கும். ஆட்டோ டெபிட் ஒருவருடையதுதான்.

#26 ஓரமாய்_ஒருவன்

ம்ம்.

மீதி பத்தொன்பது பேரின் வங்கிக் கணக்கையும் நாம் பார்க்கவில்லை என்பதைப் பதிவு செய்துவிட்டு ஒதுங்குகிறேன்.

#27 எதிர்வாதி

இது நான் சொல்லவேண்டிய வரி. திருடிவிட்டீர்கள்.

இரண்டாவது செய்தி என்ன, நிழல்மரம்?

#28 நிழல்மரம்

தங்கையிடம் நேராகக் கேட்டேன். காணொளி இல்லை, படம் இல்லை. மாமனார் கொடுக்கும் அதே அறக்கட்டளை, ஒரு ஆளுக்கு ஒரு மாத டயாலிசிஸில் இவ்வளவு பங்கு, மாதாமாதம் போகும், நீ சேர்கிறாயா என்று. மாமா பெயரைச் சொல்லவில்லை. எப்படியும் இழுத்தடிப்பாள் என்று நினைத்தேன்.

"எந்தத் தேதி எடுப்பாங்க?" என்றாள். சம்பளம் ஒன்றாம் தேதி வருமாம், ஐந்து என்று வைத்துக்கொள் என்றாள். கைபேசியை வாங்கி அங்கேயே பதிவு செய்தோம், ஓடிபி வந்தது, முடிந்தது. அழவில்லை. பிறகு எழுந்து போனவள் கதவருகே நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"அவங்க நன்றி சொல்லி போட்டோ அனுப்புவாங்கல்ல, அத மட்டும் வேணாம்னு சொல்லிடு."

#29 ரசீதுப்புத்தகம்

அதற்குப் பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கவேண்டும். எங்கள் படிவத்தில் இல்லை. நாளைக்குக் கேட்கிறேன்.